ஈறு நிறத்தில் ஒரு கைப்பிடி

பிப்ரவரி 10

அன்பும் அதட்டலும் சரிபாதியாகக் கலந்த அத்தைக்கு,

கொசு எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் நலம். நீங்களும் உங்கள் பல்செட் பட்டறையும் நலமா? உங்களைப் பல்லாண்டு வாழ்த்துகிறேன். உங்கள் தொழிலுக்கு வேறு எப்படி வாழ்த்துவது?

அம்மாவுக்கு இருமல் விட்டது. அப்பாவுக்குச் சந்தேகம் விடவில்லை. காப்பீட்டுக் கம்பெனி அனுப்பும் ஒவ்வொரு நொறுங்கின காரையும் 'இது நடந்ததா, நடத்தினதா' என்று பார்த்துப் பார்த்து, நேற்று நான் உடைத்த தட்டையும் அப்படியே குனிந்து பார்த்தார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் எனக்குப் பரீட்சை முடிந்து லீவு. உங்கள் ஊருக்கு வந்து தங்கலாம் என்று இருக்கிறேன். மலைக்காதீர்கள், மலைக்குத்தான் வருகிறேன். சிநேகிதியிடம் தடித்த டயர் போட்ட கியர் சைக்கிள் ஒன்று கடன் வாங்கியாகிவிட்டது. காலையில் ரயிலில் சைக்கிளை ஏற்றுவது, மேலே ஒரு ஸ்டேஷனில் இறங்குவது, காட்டுப்பாதையில் ஓட்டிக்கொண்டு கீழே வருவது, சாயங்காலம் உங்கள் கையால் சாப்பிடுவது. ஒவ்வொரு நாளும் வேறு ஸ்டேஷன். எப்படி என் திட்டம்?

அப்பா உடனே சரி என்றுவிட்டார்.

உங்கள் ரத்தபந்தம்,
கொசு


மார்ச் 1

அன்புள்ள கொசுவுக்கு,

உன் கடிதம் கிடைத்து நாளாகிறது. நான் நலம். அண்ணியின் இருமல் விட்டதில் சந்தோஷம்.

முதுகில் வெயில் சுட்டால்தான் புரண்டு படுக்கிறவள் நீ. நீயாவது, விடிகாலை ரயிலாவது! தலைமையாசிரியை எழுதுகிற மாதிரியே எழுதி, உனக்கு முதல் பரிசு என்று என்னை நல்ல துணி உடுத்திக்கொண்டு அவ்வளவு தூரம் ரயிலேற வைத்தவள்தானே? மேடையே இல்லாத பள்ளிக்கூட வாசலில் நான் நின்ற நிற்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. உன் கடிதத்தை இப்போதெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் படிக்கிறேன்.

அதைவிட, அண்ணா உடனே சரி என்றாராமே. பக்கத்துத் தெருவுக்குப் போக நீ கேட்டாலே மூன்று கேள்வி கேட்பவர்.

மலையில் ஒன்றுமில்லை. மரம், கல், பனி. பாதையும் சரியில்லை, இரண்டாவது ஸ்டேஷனுக்குக் கீழே முழுக்கச் சரளை, முன் பிரேக்கைப் பிடித்தால் தூக்கி அடிக்கும். ரயிலிலும் நினைத்தபடி சைக்கிள் ஏற்ற விட மாட்டார்கள். முதல் ரயிலில் மட்டும், கடைசிப் பெட்டியில், கார்டு சம்மதித்தால். பேசாமல் இங்கே வந்து நாலு நாள் புத்தகம் படி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


மார்ச் 8

அனைத்தும் அறிந்த அத்தைக்கு,

நலம், நலமறிய ஆவல். முக்கியமாக ஒன்றை அறிய ஆவல்: ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டுவதற்குக்கூட மாமாவைக் கூப்பிட்ட ஆள் நீங்கள். மாமா போன பிறகு அந்த பல்பே மாட்டாமல் இருட்டில் இருந்ததாக அப்பா சொல்வார். சரளையில் முன் பிரேக் பிடித்தால் தூக்கி அடிக்கும் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? பல்லைப் பிடித்துப் பார்த்தா?

கோபிக்காதீர்கள். நீங்கள் சொன்னதையெல்லாம் வைத்துத் திட்டத்தைத் திருத்திவிட்டேன். முதல் பயணம் முதல் ஸ்டேஷன் வரை மட்டும். இறக்கம் குறைவு, விழுந்தாலும் பல்லோடு எழுந்திருக்கலாம். அடுத்தது இரண்டாவது ஸ்டேஷன். மூன்றாவது, உச்சி. அதை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா? உங்களுக்கும் லீவு. நீங்கள் ரயிலில் ஜம்மென்று உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள்?

கொசு


மார்ச் 25

அன்புள்ள கொசுவுக்கு,

நலம். பட்டறையில் வேலை அதிகம், அதனால் தாமதம். நம்பினால் நம்பு.

வா. ஆனால் ஹெல்மெட் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. தனியாக மலையேறக் கூடாது. சனிக்கிழமை நான் ரயிலில் கூட வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஞாயிறு கிடையாது. ஞாயிறு எனக்கு வேலை இருக்கிறது. என்ன வேலை என்று கேட்டு எழுதாதே.

அப்பாவிடம் ஞாபகப்படுத்து. வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காகிதத்தை ஜனவரியிலேயே அனுப்பினேன். தனியாக இருக்கும் பெண் என்பதால் பொறுப்பேற்று அண்ணன் கையெழுத்துப் போட வேண்டுமாம். மே முடிவதற்குள் கொடுக்காவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். அண்ணா ஒரு வரிகூடப் பதில் போடவில்லை. 'மூட்டை கட்டிக்கொண்டு எங்களோடு வந்துவிடு' என்று மூன்று வருஷமாகச் சொல்கிறார். கையெழுத்துப் போடாமலிருப்பதும் அதைச் சொல்கிற ஒரு வழியோ என்னவோ.

அவருக்கு என் அன்பைச் சொல். சந்தேகப்படுவதாகச் சொல்லாதே.

அத்தை


ஏப்ரல் 14

அப்பாவுக்கு,

சைக்கிளும் நானும் முழுசாக வந்து சேர்ந்தோம். அம்மாவை என் படுக்கைக்கு அடியில் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னபடி கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன். கீழ்வீட்டுத் தையல்காரர் உங்களுக்கு எழுதினதில் பாதி சரிதான் போலிருக்கிறது. இரண்டே அறை. சமையலறை ஜன்னலில் பல்செட் அச்சுகள் வரிசையாகச் சிரிக்கின்றன. ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கொடியில் ஆம்பளைக் கால்சட்டை ஒன்று காய்கிறது. அது மாமாவுடையது இல்லை, மாமா குள்ளம். கதவுக்குப் பின்னால் பெரிய மழைக்கோட்டு. அத்தை முழங்காலில் ஆறின தழும்பு. கேட்டேன்.

"படியில வழுக்கிட்டேன்."

"எந்தப் படியில?"

"நீ உங்கப்பா மாதிரியே கேக்கறே" என்றார்கள். அப்புறம் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள். நான் பல்செட் ஒன்றை எடுத்து வாயில் வைத்துக் காட்டிச் சமாளித்தேன்.

நேற்று சனிக்கிழமை. முதல் ஸ்டேஷன் பயணம் நன்றாக நடந்தது. அத்தை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே, "ரெண்டாவது வளைவுல எடது பக்கமா ஒதுங்கு, நடுவுல வேரு இருக்கு" என்றார்கள். இருந்தது.

இன்று ஞாயிறு. நான் எழுந்தபோது வீட்டில் யாருமில்லை. இருட்டின பிறகு வந்தார்கள். செருப்பில் செம்மண். 'பட்டறையில் வேலை' என்றார்கள். பட்டறையில் செம்மண்ணிலா பல் செய்கிறார்கள்?

வாடகைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்கச் சொன்னார்கள். கேட்டாகிவிட்டது.

உங்கள் உளவுத்துறை,
கொசு


ஏப்ரல் 17

கொசு,

அம்மா நலம். உன் படுக்கைக்கு அடியில் நீ விட்டுவிட்டுப் போன ரப்பர் பல்லியால் கொஞ்சம் நலமில்லாமல் இருந்தாள்.

உன்னை விளையாட அனுப்பவில்லை. அவளை யாராவது ஏமாற்றினால் கேட்க ஆள் கிடையாது. யாரோ ஒருவன் அவள் பையைத் தூக்கிக்கொண்டு மாடி வரை வந்திருக்கிறான், தையல்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். அடுத்த ஞாயிறு பின்னாலேயே போ. பார்த்ததை மட்டும் எழுது. அது தெரியாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஹெல்மெட் மறக்காதே.

அப்பா


ஏப்ரல் 22

அப்பாவுக்கு,

நலம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள்.

நேற்று விடிவதற்கு முன் அத்தை எழுந்து குளிக்கப் போனார்கள். போர்வைக்குள் தலையணையை அடுக்கிவிட்டு ஒளிந்துகொண்டேன், அவர்கள் என் படுக்கையை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினதும் பின்னாலேயே போனேன். ரயிலில் அவர்கள் முன்பெட்டி, நான் நடுப்பெட்டி. உச்சியில் இறங்கினேன். பனியில் தூணுக்குப் பின்னால் நின்றேன். தொப்பை வைத்த கார்டு ஒருவர் கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு சைக்கிளை இறக்கினார். அதன் கைப்பிடி இரண்டும் இளஞ்சிவப்பு. ஈறு நிறம் அப்பா. பல்செட்டின் ஈறு செய்கிற அதே பொருளில், அத்தை தன் உள்ளங்கையையே அச்செடுத்துச் செய்திருக்கிறார்கள். ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. வேறு யார் பிடித்தாலும் அது கைக்கு அடங்காது.

அத்தை கால்சட்டையோடு நின்றார்கள். தூணைப் பார்த்து, "வா வெளிய. தலையணையில ஆள் செஞ்சா ரெண்டு கால்தானே வெக்கணும்? மூணு வெச்சிருந்தே" என்றார்கள்.

"அத்தை, இந்தக் கால்சட்டை யாரோடது?"

"என்னோடதுதான். பொம்பளைக்கு இந்தத் துணியில எவன் தைக்கறான்? இடுப்புல பின் குத்தியிருக்கேன் பாரு."

"அப்ப உங்க பையத் தூக்கிட்டு மாடி ஏறின ஆளு?"

கார்டு சிரித்துவிட்டார். "நான்தாம்மா. முட்டி பேந்து வந்தாங்க, நடக்க முடியல. பைய மட்டுமா தூக்கினேன், உங்கத்தை திட்டினதையும் சேத்துத் தூக்கினேன்."

நடந்தது இதுதான். கார்டுக்கு வாயில் இருக்கிற பல் முழுக்க அத்தை செய்தது. வளைவுகளில் ரயில் சாயும்போது மேல்பல் கடகடக்கிறது என்று திரும்பத் திரும்பப் பட்டறைக்கு வந்திருக்கிறார். நாற்காலியில் உட்கார வைத்தால் கடகடக்கவில்லை. சரி, கடகடக்கிற இடத்திலேயே கேட்கலாம் என்று அத்தை ஒரு ஞாயிறு அவர் பெட்டியிலேயே ஏறி, வளைவுக்கு வளைவு அவர் வாயருகே காதை வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போகும்போது கதவு வழியே சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் காட்டுக்குள் பாய்வதைப் பார்த்தார்களாம்.

"அன்னிக்குப் பல்லு சரியாப் போச்சு. எனக்குத்தான் ஏதோ ஆட ஆரம்பிச்சிடுச்சு" என்றார்கள்.

அப்புறம் ஓட்டினார்கள் அப்பா. நான் பின்னால் ஓட்ட சைக்கிள் இல்லாமல் ரயிலில் வந்தேன். பாதை தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டும் இடங்களில் பார்த்தேன். நம் அத்தைதான். சத்தமாகப் பாடிக்கொண்டு போனார்கள், சுருதி இல்லாமல்.

ராத்திரி சாப்பிடும்போது, "அந்த ஆளைப் பத்தி உனக்கு யார் சொன்னா?" என்று கேட்டார்கள். எனக்கு வராத இருமல் வந்தது. அப்புறம் அவர்கள் எதுவும் கேட்கவில்லை. "உங்கப்பா நல்லா இருக்காரா?" என்று மட்டும்.

கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அப்பா.

கொசு


ஏப்ரல் 30

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். கொசு நேற்று ஊர் வந்து சேர்ந்தாள்.

மறைத்துப் பேச எனக்கு வராது. அவளை அனுப்பியது நான்தான். நீ ஞாயிறுதோறும் எங்கே போகிறாய், யாரோடு போகிறாய் என்று பார்த்துவரத்தான். உன்னைப் பற்றிக் கீழ்வீட்டிலிருந்து கடிதம் வந்தது.

அவள் எழுதியனுப்பியிருக்கும் கதையைப் படித்தேன். நீ மலையில் சைக்கிள் ஓட்டுகிறாயாம். ஈறில் செய்த கைப்பிடியாம். ஒரு ஆளின் வாயருகே காதை வைத்துக்கொண்டு ரயிலில் போனாயாம். இத்தனை வருஷம் பொய்ச் சாட்சிகளோடு குப்பை கொட்டியிருக்கிறேன். இவ்வளவு ஜோடனையோடு எந்த உண்மையும் என் மேஜைக்கு வந்ததில்லை. தலைமையாசிரியை மாதிரி எழுதினவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம். நீ சொல்லிக்கொடுத்தாயா, அவளாகவே உனக்குப் பரிந்து எழுதினாளா என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஸ்டூலில் ஏறினால் கை நடுங்குபவள் நீ. அந்தக் கார்டு யார்? எதற்கு இப்படியொரு கதை? உண்மையைச் சொன்னால் கோபப்பட மாட்டேன். சொல்லாவிட்டால் காகிதம் என் மேஜையில்தான் இருக்கும். ஜூனில் வண்டி பிடித்துக்கொண்டு வந்து உன் சாமான்களை ஏற்றிக்கொள்கிறேன்.

அண்ணன்


மே 6

அத்தைக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அப்பா உங்களுக்கு எழுதிவிட்டதாகச் சொன்னார். என்ன எழுதினார் என்பதையும் சொன்னார். என் வாழ்க்கையிலேயே நான் ஒரு வார்த்தை சேர்க்காமல் எழுதின ஒரே கடிதம் அது. அதைத்தான் நம்ப மாட்டேன் என்கிறார். "நீங்களே நேர்ல போய்ப் பாருங்களேன்" என்றேன். "அங்க போனா எனக்குக் காட்டறதுக்கு என்ன ஏற்பாடு பண்ணியிருக்கீங்க?" என்கிறார்.

அப்பா அனுப்பித்தான் வருகிறேன் என்று முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தை, சைக்கிள் ஆசை பொய்யில்லை. முதலில் பொய்யாகத்தான் இருந்தது. அந்த இரண்டாவது வளைவுக்கு அப்புறம் இல்லை.

ஒரு வரி போடுங்கள். திட்டியாவது.

கொசு


மே 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணிக்கு என் அன்பு. கொசு எழுதியதற்கு நான் பதில் போடவில்லை. இதுவே பதில் என்று அவளிடம் சொல்லுங்கள்.

விளக்கம் எழுதி அனுப்பப் போவதில்லை. எழுதினால் அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பீர்கள். வருகிற 26 ஞாயிறு. முதல் நாளே வந்து என் வீட்டில் தங்கலாம். பிடிக்காவிட்டால் ஸ்டேஷன் பெஞ்ச் இருக்கிறது. முதல் ரயிலில் மூவரும் உச்சிக்குப் போவோம். திரும்பும்போது நீங்கள் அதே ரயிலில் கடைசிப் பெட்டியில் வாருங்கள். அங்கே கதவு அகலம், நன்றாகத் தெரியும். நீங்கள் சந்தேகப்படும் ஆளும் அங்கேதான் நிற்பார், விசாரித்துக்கொள்ளலாம். ரயில் ஊதும்போது நான் சைக்கிளில் கிளம்புவேன். என் பாதை தண்டவாளத்தை மூன்று இடத்தில் வெட்டும்.

அடிவார ஸ்டேஷனுக்கு ரயில் வருவதற்கு முன் நான் பிளாட்பாரத்தில் நின்றால் அங்கேயே கையெழுத்துப் போடுங்கள். ரயில் முந்திவிட்டால் வண்டியெல்லாம் பிடிக்க வேண்டாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு நானே உங்கள் பின்னால் வந்துவிடுகிறேன். ஒரு வார்த்தை முணுமுணுக்க மாட்டேன்.

கொசுவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சாட்சி இல்லாமல் உங்களுக்குத் தூக்கம் வராதே.

தங்கை


மே 19

தங்கைக்கு,

வருகிறேன். முந்துவதும் பிந்துவதும் இருக்கட்டும், முதலில் நீ அதில் ஏறி உட்கார்கிறாயா பார்க்கிறேன்.

அண்ணன்


மே 29

ஜெயித்த அத்தைக்கு,

நலமாக வந்து சேர்ந்தோம். ஊர் வரும் ரயிலில் அப்பா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். பிளாட்பாரத்தில் நீங்கள் என் தலையில் ஒரு குட்டு வைத்தீர்களே, அது இன்னும் வலிக்கிறது. அதையே சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் பாதையில் இருந்தீர்கள். பெட்டிக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது. சொல்லக் கூடாது என்று அப்பா உத்தரவு. அதனால் சொல்கிறேன்.

ஏறினதும் கார்டை மேலும் கீழும் பார்த்தார். "பை தூக்கினது நீங்கதானா?"

"சார், நான் தெனமும் பைதான் தூக்கறேன். நீங்க எந்தப் பையச் சொல்றீங்க?"

முதல் குறுக்குப் பாதை வந்தது. உங்களைக் காணோம். "பாத்தியா? மேலயே நின்னுட்டிருப்பா" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு சைக்கிள் தண்டவாளத்தைத் தாண்டிப் பறந்தது.

"யாரோ ஒரு பையன்" என்றார்.

"அப்பா, அந்தப் பையனுக்கு நரைச்ச பின்னல் இருக்கு."

ஒரு மூட்டைமேல் மெதுவாக உட்கார்ந்தார். இரண்டாவது இடத்தில் எழுந்து கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் போனீர்கள். "பிரேக்கப் பிடி, பிரேக்கப் பிடி" என்று வாய்க்குள்ளேயே சொன்னார். நீங்கள் பிடிக்கவில்லை. "ஐயோ, பிடிக்க மாட்டேங்கறாளே" என்று கார்டின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது இடத்தை ரயில் முதலில் தாண்டிவிட்டது.

நீங்கள் வரவில்லை. அப்பா பாதி உடம்பை வெளியே நீட்டிப் பார்த்தார். கார்டு சட்டையைப் பிடித்து இழுத்தார். "விழுந்துட்டாளா? கொசு, சரளை இருக்குன்னு உனக்கு எழுதினாளே, அங்க விழுந்துட்டாளா?" அப்போது மேலே மரங்களுக்கு நடுவில் உங்கள் மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. எங்களுக்குப் பின்னால், ரொம்பப் பின்னால். இனி நேர் இறக்கம்தான், ரயிலுக்குத்தான் வேகம்.

நான் அப்பா முகத்தைப் பார்த்தேன். ஜெயித்த நிம்மதி தெரியும் என்று நினைத்தேன். அவர் கார்டைப் பார்த்தார்.

"கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லக் கூடாதா?"

"சார், இதுக்கு மேல மெதுவான்னா நின்னுடும்."

"நிக்கட்டுமே!"

கார்டுக்கு மேல்பல்லே கீழே வந்துவிட்டது. "சார், நடுவுல நிறுத்தினா நான் காரணம் எழுதணும்."

விபத்தை நடத்திக் காட்டுபவர்களைப் பிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற என் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதிக்கோங்க. தண்டவாளத்துல மாடு."

கார்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் சிவப்புக் கொடியை எடுத்து வெளியே நீட்டினார். ரயில் முனகிக்கொண்டு நின்றது. சக்கரம் சரளையில் அரைபடுகிற சத்தம் பக்கத்தில் வந்தது, எங்களைக் கடந்தது, கீழே போய்த் தேய்ந்தது. அதற்கப்புறம்தான் அப்பா மூச்சு விட்டார்.

பிளாட்பாரத்தில் நீங்கள் இரைக்க இரைக்க நின்று, "நடுவுல ஏன் நின்னுச்சு?" என்று கேட்டீர்கள். சைக்கிள் சீட்டின்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "மாடு" என்றார்.

அத்தை, இந்த வித்தையில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. ரொம்பச் சுமாரான பொய். குரல் நடுங்கிற்று, காது சிவந்துவிட்டது, எந்தப் பக்கம் போயிற்று மாடு என்று நீங்கள் கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பார்.

நீங்கள் மட்டும் நம்பின மாதிரியே இருங்கள்.

கொசு